கத்தி நின்றால் கதை நிற்கும்

போன வாரம் சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சொந்தக் காரில்தான். அதைச் சொல்லாமல் எனக்கு எந்தப் பேச்சும் ஆரம்பிக்காது. வழியில் ஒரு ஜூஸ் பேக்டரி வாசலில் மாம்பழ டிராக்டர்கள் வரிசையாக நின்றதில் வண்டி நகரவில்லை. கண்ணாடியை இறக்கினேன். பழுத்த தோத்தாப்புரி மாம்பழ வாசனை உள்ளே வந்தது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் புளிப்பு, அடியில் ஈர வைக்கோல். உங்களுக்கு அது பழ வாசனை. எனக்கு, நான் ஒரு பெண்ணைக் கொன்ற நாளின் வாசனை. பயப்படாதீர்கள், சொல்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கடவுள் கையெழுத்தைக் கொடுக்கவில்லை, வாயைக் கொடுத்தான். வடமாலபேட்டையில் பஸ் நிற்கிற இடத்தில் வெள்ளரிக்காய் விற்றேன். மற்றவர்களெல்லாம் ‘வெள்ளரி, வெள்ளரி’ என்று கத்துவார்கள். நான் அதைப் பயிரிட்ட கிழவனுக்கும் அவன் மாட்டுக்கும் நடந்த சண்டையைச் சொல்வேன். பஸ் கிளம்புவதற்குள் முடிவு தெரிய வேண்டுமே என்று ஜன்னலுக்கு ஜன்னல் கை நீளும். அப்படிக் கை நீட்டியவர்களில் ஒருவர் மாம்பழ பேக்டரி முதலாளி. அந்த சீசனுக்கே என்னைப் பழம் அறுக்கிற கூடத்துக்கு மேஸ்திரி ஆக்கினார். படித்தவர்கள் மனுப் போட்டுக் காத்திருந்த வேலை, ஒரு மாட்டுக் கதைக்கு எனக்குக் கிடைத்தது.

கூடத்தில் பெண்கள் எதிரெதிராக இரண்டு வரிசை உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் பழக்குவியல். தோலைச் சீவி, சதையை அறுத்து, கொட்டையை எறிய வேண்டும். பழுத்த பழம் யாருக்காகவும் காத்திருக்காது. இன்று அறுக்காதது நாளை குழிக்குத்தான். அந்த வருஷம் பார்த்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு பேக்டரி திறந்தார்கள். எங்கள் பெண்களைக் கூப்பிட ஆள் வந்துகொண்டே இருந்தான். முதலாளி என்னிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: “பொம்பளைங்க அந்தப் பக்கம் போனா, நீயும் வெள்ளரிக்காய்க்கே போயிடு.”

அதனால்தான் கதையை எடுத்தேன். நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண் செங்கமலம், வெதுருகுப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, மாமியாரோடு சண்டை போட்டு, ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறாள். ஒரே ஒரு சட்டம்: கத்தி நின்றால் கதை நிற்கும். யாராவது வாயைப் பிளந்துகொண்டு கேட்டால் நான் நிறுத்திவிடுவேன். உடனே மிஷன் கோயில் எஸ்தர் அக்கா, “அடியே, உன்னால செங்கமலம் நடுரோட்டுல நின்னுக்கினு இருக்கா. அறு” என்பாள். சாயங்காலம் நல்ல இடத்தில் நிறுத்துவேன். மறுநாள் காலையில் எல்லாரும் என் கூடத்தில்தான் இருப்பார்கள்.

கதை நன்றாகப் போனால் சொல்கிறவனுக்குத் தலை கனத்துவிடும். சிரிக்க வைத்தாயிற்று, அழவும் வைத்துப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. ஒரு மத்தியானம் செங்கமலத்தைக் கிணற்றில் தள்ளி, செத்துப்போனாள் என்றேன்.

யாரும் அழவில்லை. கத்திச் சத்தம் நின்றுபோனது.

“சம்பேசாவா?” என்றாள் எதிர்வரிசை லட்சுமம்மா, தெலுங்கில். கொன்றேவிட்டாயா என்கிறாள்.

“கெணத்துல வுழுந்தா சாவாம என்னா பண்ணுவா?”

எஸ்தர் அக்கா கத்தியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டாள். “அப்ப நாங்க என்னாத்துக்கு இங்க உக்காந்துக்கினு இருக்கோம்? அந்தப் பக்கம் போய் அறுக்கறோம்.”

“அங்க கதை கிடையாதுக்கா.”

“சாவும் கிடையாது இல்ல.”

இரண்டு வரிசையும் எழுந்துவிட்டது. வெக்கையில் குவியல் சாறு விட ஆரம்பித்திருந்தது. வாசலில் இறக்காத டிராக்டர்கள். என் கண்ணுக்கு வெள்ளரிக்காய்க் கூடை தெரிந்தது. ஆனாலும் ரோஷம் விடுமா? “செத்தவ செத்தவதான். கதைக்கு ஒரு நாயம் வேணும்” என்றேன்.

“நாயத்தப் பத்தி நீ பேசாத. எங்க ஆண்டவரே செத்து எழுந்து வந்தாரு. உன் செங்கமலத்துக்குப் புடிச்சிக்க ஒரு வேர் கூடவா கிடைக்கல?”

கேட் வரைக்கும் போய்விட்டார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். “வேர் இருந்திச்சுக்கா. அரசமரத்து வேரு. அதப் புடிச்சிக்கினு தொங்கறா.”

லட்சுமம்மா நின்றாள். “ரெண்டு கையாலயா?”

“ஒரு கையால. இன்னொரு கையில ஆட்டுக் கயிறு.”

எஸ்தர் அக்கா திரும்பாமலே சொன்னாள்: “மொதல்ல அந்தக் கயித்த விடச் சொல்லு.”

“நீங்க உக்காந்து கத்திய எடுத்தாதான் அவளுக்குக் கேக்கும்.”

அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் திரும்பினாள், பின்னாலேயே எல்லாரும் வந்தார்கள்.

அதன்பிறகு எனக்கு வாய் திறக்க இடமே இல்லை. ஒருத்தி, செங்கமலம் பிடித்து ஏறிவரத் தன் புடவையை அவிழ்த்துக் கதைக் கிணற்றுக்குள் விட்டாள். இன்னொருத்தி அவள் புருஷனைக் கூட்டிவந்து கிணற்றில் குதிக்க வைத்தாள். எட்டிப் பார்க்க வந்த மாமியாரை லட்சுமம்மா உள்ளே தள்ளிவிட, கூடமே குலுங்கியது. பொழுது சாய்வதற்குள் குவியல் காலி. முதலாளி வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னா மேஸ்திரி, வாய மூடிக்கினு நிக்கற?”

“அவருக்கு நாங்க கதை சொல்லிக்கினு இருக்கோம்” என்றாள் எஸ்தர் அக்கா.

என் கெட்டிக்காரத்தனத்தை நீங்களே பாருங்கள். நான் கொல்லாமல் விட்டிருந்தால் அவர்கள் பிழைக்க வைத்திருப்பார்களா? ஒருத்தியும் ரோட்டைத் தாண்டவில்லை. அடுத்த சீசனில் பழத்துக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பார்த்தால், எனக்குச் சொல்லாமலே செங்கமலத்துக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருந்தது.

இன்று நான் மேஸ்திரியாக இருந்த அந்த பேக்டரிக்குப் பழம் ஏற்றிப்போகிற லாரிகள் என்னுடையவை. ஒரு நாள் உள்ளே போய்ப் பார்த்தேன். தோலை மெஷின் சீவுகிறது. பெல்ட் ஓரமாக நிற்கிற பெண்கள் தொப்பி போட்டு, வாயை மூடிக் கட்டியிருக்கிறார்கள். சுத்தமாகத்தான் இருக்கிறது, குறை சொல்ல மாட்டேன். காலையில் ஊர் முனைக்கு இரண்டு பேக்டரி வேனும் வரும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் போய்விடுவோம் என்று யாரும் யாரையும் மிரட்டுவதில்லை. கேட் வரைக்கும் பின்னால் ஓடி வந்து, அவள் இன்னும் சாகவில்லை என்று சொல்ல ஓர் ஆளும் இல்லை.