அணியம் முன்னுக்குப் போன படகு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மனைவி சொல்லுவாள். இருக்கட்டும். மன்னாரில் ட்ரெயிலர் ஓட்டுகிறவர்களில், ஏற்றிய பாரத்தைப் பார்த்த உடனேயே எந்த அச்சில் எவ்வளவு இறங்குகிறது என்று சொல்லக்கூடியவன் நான்தான். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

போன வருடம் பேசாலையில் ஓர் அக்காவின் பெரிய மீன்பிடிப் படகை ஏற்றப் போயிருந்தேன். அவருடைய மகன்மார் முல்லைத்தீவுக் கரையில் தங்கித் தொழில் செய்ய வாடி என்ற குடிசை போட்டுவிட்டுப் படகுக்காகக் காத்திருந்தார்கள். பருவம் தொடங்கிவிட்டது. படகு போய்ச் சேராவிட்டால் அந்த வருட உழைப்பு போச்சு.

கிரேன்காரர் படகின் அணியம், அதாவது முன்பக்கம், என் கபினைப் பார்க்கும்படி இறக்கி வைத்தார். நான் ஒருமுறை சுற்றி வந்தேன். படகின் எஞ்சினும் டீசல் தாங்கியும் பின்பக்கத்தில் இருந்தன. அந்தக் கனம் முழுவதும் ட்ரெயிலரின் கடைசி அச்சில் விழுந்து டயர்கள் வயிறு தள்ளி நின்றன. லொறியின் சக்கரங்களோ ஒன்றுமே ஏற்றாததுபோல் இருந்தன. இப்படிப் போனால் நனைந்த றோட்டில் பிரேக் பிடிக்கும்போது லொறி வழுக்கும். அதற்கு முன்னமே, நிறை பார்க்கும் இடத்தில் அச்சு அச்சாக நிறுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். படகை முன்னுக்குத் தள்ளவும் இடமில்லை. திருப்பி வைத்தால் எஞ்சின் கபின் பக்கம் வந்துவிடும், பாரம் பங்காகிவிடும்.

அக்கா முடியாது என்றார். நான் விளக்கினேன், அவர் கேட்டபாடில்லை.

"என்ர மனுசன்ர பழைய வள்ளம் உடைஞ்சபிறகு அப்பிடித்தான் பின்பக்கமா இழுத்துக்கொண்டு போனவங்கள் தம்பி. இந்த வள்ளம் ஊரை விட்டு அப்பிடிப் போகாது."

இருக்கிறபடியே கொண்டுபோகச் சொன்னார்கள் அவருடைய சொந்தக்காரர்கள். ஒருவர், இவனுக்குப் பயம் என்றும் சொன்னார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. பிழை என்று தெரிந்த பாரத்தை நான் இழுக்கமாட்டேன் என்று சொல்லி, லொறிச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். அதைப் பார்க்க எனக்கு என் கோபத்தின்மேலேயே கோபம் வந்தது.

லொறி கடலைப் பார்த்தபடி நின்றது. ட்ரெயிலரின் வால் ஊருக்குள்ளால் மெயின் றோட்டுக்குப் போகும் ஒடுங்கிய ஒழுங்கையைப் பார்த்து நின்றது. அப்போதுதான் யோசனை வந்தது.

"அக்கா, திருப்பி வைக்கட்டும். மெயின் றோட்டு வரைக்கும் நான் லொறியைப் பின்னுக்கு எடுக்கிறன். ஊரை விட்டு உங்கட வள்ளம் அணியம் முன்னுக்குத்தான் போகும்."

கிரேன்காரர் சிரித்தார். கோயிலடி வளைவில் மோட்டார்சைக்கிளைத் திருப்பவே ஆட்கள் காலை ஊன்றுவார்கள். ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கும்போது அதன் வால் இடப்பக்கம் போக, ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டவேண்டும். கொஞ்சம் கூடினால் மதிலோடு போய்விடும். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.

படகு திரும்பியது. நான் கண்ணாடியைப் பார்த்து அங்குலம் அங்குலமாக எடுத்தேன். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வலைகளை இழுத்து வழிவிட்டார்கள். தாழ்ந்த வயர்களை இரண்டு பேர் தடியால் தூக்கிப் பிடித்தார்கள். அக்கா அணியத்துக்கு முன்னால் நடந்து போனார். கோயிலடியில் ஒரே ஒரு தரம்தான் முன்னுக்கு எடுத்துத் திருத்தினேன். மதிலில் ஒரு கீறல்கூட இல்லை. மெயின் றோட்டில் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கிரேன்காரரே வந்து கை தந்தார். அன்றைக்கு என்னை எனக்கே நன்றாகப் பிடித்திருந்தது.

மன்னார்ப் பாலம் கடந்து நிறை பார்க்கும் இடத்தில் ஒவ்வொரு அச்சாகத் தராசில் ஏற்றினார்கள். எல்லாம் அளவுக்குள். பெருமை பேச வழக்கமாக மனைவிக்குத்தான் முதலில் போன் எடுப்பேன். அன்றைக்கு அக்காவுக்கு எடுத்தேன். விட்டுவிட்டார்கள் என்றேன். இனி வழி முழுக்கப் படகு பின்பக்கமாகத்தானே போகும் என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

நான் இறங்கிப் போய் ட்ரெயிலரின் வாலடியில் நின்று பார்த்தேன்.

"ஓம் அக்கா. ஆனா அணியம் பேசாலைப் பக்கம் நிக்குது. போய்ச் சேருமட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் போகும்."

அவர் அழுகிற சத்தம் கேட்டது. எனக்கும் அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்ன் அடித்தபடியே இருந்தான்.