முதலில் இடது பக்கம் பார்த்தவர்

என் அக்காவுக்குத் தெருவில் சிஐடி என்று பெயர். முகத்துக்கு நேராகச் சொன்னால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதால் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் அது தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு என்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் கடை அவளுடையது. மெயின் ரோட்டைப் பார்த்த ஒற்றை அறை. மற்ற தையற்காரர்கள் வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னலோரம் போடுவார்கள். அக்கா போட்டது வேடிக்கைக்காக. கால் பெடலில் இருக்கும், கை துணியில் இருக்கும், கண் மட்டும் ரோட்டில். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள், வரும்போது கையில் பை இருந்ததா, போகும்போது இருந்ததா, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம்வரை எனக்கு வேலை இல்லை. அவள் கடையில் துணிக்கட்டின்மேல் சாய்ந்துகொண்டு இந்த விசாரணை விவரங்களைக் கேட்பதுதான் என் பகல் பிழைப்பு.

அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் மாமா, அவள் புருஷன். ரோட்டுக்கு அந்தப்புறம், மோட்டார் ரிப்பேர் பட்டறையில் காயில் கட்டுகிறவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எறிந்துவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றிச் சுற்றி அடைக்கிற வேலை. வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் சுற்றுக் கணக்குத் தப்பிவிடும் என்பார். வேலை இல்லாத நேரத்திலும் அதிகம் பேசமாட்டார். அக்காவின் தையல் மெஷின் மோட்டார் புகைந்தபோதுதான் அறிமுகமானார். அப்பா அம்மா இல்லை, சொந்தபந்தம் இல்லை, நாட்டின் தெற்குக் கோடி என்றார். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று வாரக்கணக்கில் துப்புத் துலக்கிய என் அக்கா, இந்த மனிதரிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் கல்யாணத்துக்குத் தலையை ஆட்டிவிட்டாள். மனசு போய்விட்டால் சிஐடிக்கும் கண் தெரியாது போலிருக்கிறது.

கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் மாமா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் ரோட்டைத் தாண்டுவார். காலையில் அவரைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்துதான் அவள் கடை திறப்பாள். மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடைக்கு வரும்போது யாராவது தாண்டும்வரை காத்திருந்து அவர்களோடு ஒட்டிக்கொண்டு வருவார். அதனால் தெருவில் அவருக்குப் புது மாப்பிள்ளை என்று பெயர். "என்ன புது மாப்பிள்ளை, ஹனிமூன் இன்னும் முடியலையா?" என்று பக்கத்துப் பேட்டரி கடைக்காரர் தினமும் கேட்பார். மாமா சிரித்துவிட்டுப் போவார்.

எங்கள் ஊரிலிருந்து எல்லை அரை நாள் பஸ் பயணம். அந்தப் பக்கத்து நாட்டிலிருந்து ஆட்கள் திருட்டுத்தனமாக வருவது புதிதில்லை. அவர்கள்மேல் அக்காவுக்கு ஆத்திரம் வந்ததற்குக் காரணமும் உண்டு. கடை போடுவதற்கு முன் அவள் ஒரு துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் அவளுடைய லைன் முழுக்கப் புது முகங்கள். எல்லாம் எல்லை தாண்டி வந்தவை. பாதிச் சம்பளத்துக்கு முழு நாளும் நிமிராமல் தைக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்கள். அக்காவையும் அவளோடு இருந்த பெண்களையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"தப்பு முதலாளியோடதுக்கா. அவங்க பாவம், என்ன பண்ணுவாங்க?" என்று நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

"முதலாளி சட்டையை நான் பிடிக்க முடியுமாடா? இவங்கதானே கைக்கெட்டற தூரத்துல இருக்காங்க" என்பாள். அந்த நேர்மையான பதிலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. இரண்டு பக்கத்துக்கும் முகம் ஒன்று, பேச்சும் ஏறக்குறைய ஒன்று. அடையாள அட்டை புரோக்கரிடம் கிடைக்கும். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்தே அக்கா ஒரு சங்கதியைப் பிடித்துவிட்டாள். அங்கே வண்டிகள் ரோட்டின் வலது பக்கம் ஓடும். இங்கே இடது பக்கம். இங்கே வளர்ந்தவன் ரோட்டைத் தாண்டும்முன் முதலில் வலது பக்கம் பார்ப்பான், வண்டி அங்கிருந்துதானே வரும். அங்கே வளர்ந்தவனின் தலை முதலில் இடது பக்கம் திரும்பும். பேச்சைத் திருத்திக்கொள்ளலாம், அட்டையை வாங்கிக்கொள்ளலாம், கழுத்துக்கு யார் பாடம் எடுப்பது?

முதலில் மாட்டியது அவள் கடையிலேயே காஜா எடுத்துப் பட்டன் தைத்துக்கொண்டிருந்த பெண். அச்செழுத்து மாதிரி சுத்தமான வேலை. நூல் வாங்கக் கிளம்பியவளை அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தலை இடது பக்கம் திரும்பியது. எல்லை தாண்டி வந்தவர்களைப் பிடிக்கிற ஆபீசுக்கு அக்கா அன்றே போன் போட்டாள். மறுநாள் ஜீப் வந்தது. அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. மார்பில் குத்திவைத்திருந்த ஊசியை எடுத்து மேஜைமேல் வைத்து, "இது உங்க ஊசிக்கா" என்றாள். பிறகு ஜீப்பில் ஏறிவிட்டாள். எனக்கு அக்காவைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்று மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினார்.

அக்கா வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். தெரு பாராட்டியதும் தலைகால் புரியாமல் தன் கண்டுபிடிப்பை ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு பேட்டரி கடை வாசலில் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரோடு தாண்டுகிறவர்களின் தலையைப் பார்த்துப் பந்தயம் கட்ட ஆரம்பித்தார்கள். "வலது! உள்ளூர் சரக்கு!" "அடடே, இடது! பிடி, பிடி!" ஒரு பெரியவருக்குக் கழுத்துச் சுளுக்கு. அவரையும் விசாரித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

ஒருநாள் பேட்டரி கடைக்காரர் அக்காவிடம் கேட்டார். "ஏக்கா, நம்ம புது மாப்பிள்ளை எந்தப் பக்கம் பார்ப்பாரு?"

"அவர் ஏன் ரோட்டைப் பார்க்கப் போறாரு? என்னைத்தான் பார்ப்பாரு" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மெஷினில் வந்து உட்கார்ந்தவள் தைக்கவில்லை. என் அக்காவை எனக்குத் தெரியும். ஒரு சந்தேகம் மூளைக்குள் போய்விட்டால் அதைப் பிரித்து மேயாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

மறுநாள் மத்தியானம் மாமா சாப்பிட்டுக் கை கழுவியதும் அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "கால் இழுத்துக்கிச்சு. இன்னிக்கு நீங்களே போயிடுங்க."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

மாமா ரோட்டோரம் போய் நின்றார். வெயில் நேரம், துணைக்குத் தாண்ட ஒரு ஆள் இல்லை. பேட்டரி கடை நாற்காலிகளும் நல்லவேளையாகக் காலி. எதிரே பட்டறை முதலாளி கையைத் தட்டிக் கூப்பிட்டார். மாமா தலையைத் திருப்பினார். இடது பக்கம். ரோடு காலி என்று நம்பி இறங்கினார். வலது பக்கமிருந்து வந்த பால் வேன் அவர் முட்டிக்கு முன்னால் கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். மாமா அவனைப் பார்க்கவில்லை. திரும்பி எங்கள் ஜன்னலைப் பார்த்தார். அக்கா மெஷின்மேல் கையை ஊன்றி நின்றிருந்தாள்.

சாயங்காலம் வேனை விட்டதும் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். இரண்டு பேரும் சமையலறையில் நின்றிருந்தார்கள்.

"அந்தப் பக்கமா?" என்றாள் அக்கா.

"ஆமா."

"யார் யாருக்குத் தெரியும்?"

"பட்டறை முதலாளிக்கு மட்டும். கார்டு அவர்தான் வாங்கிக் குடுத்தாரு."

"எதுக்கு வந்தீங்க?"

மாமா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "கரண்ட் இருக்கிற பக்கம் வந்தேன். ரெண்டு சர்க்காருக்கும் ஏதோ தகராறு. உங்க பக்கத்துலருந்து வர்ற லைனை வெட்டிட்டாங்க. மில்லு நின்னுபோச்சு. பம்பு ஓடலை, வயல் காஞ்சுபோச்சு. கரண்ட் இல்லாத ஊர்ல மோட்டார் எப்படி எரியும்? மோட்டார் எரியாத ஊர்ல காயில் கட்டுறவன் எதைச் சாப்பிடறது?"

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. 'உங்க பக்கம்' என்று அவர் சொன்னபோது அக்கா முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

"அங்க பொண்டாட்டி, பிள்ளை இருக்கா?"

"இல்லை."

"நான் எப்படி நம்பறது?"

எனக்கே அந்த நேரத்தில் அவர்மேல் நம்பிக்கை ஆடிப்போயிருந்தது. ஊர் பொய் என்றால் அப்பா அம்மா இல்லை என்பதும் பொய்யோ, இத்தனை வருஷம் என்னிடம் காட்டிய பிரியமும் பொய்யோ என்று மனசு கண்டபடி ஓடியது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

"முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அக்கா.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். மாமா, "சரி, இப்ப என்ன பண்ணப் போற?" என்றார்.

"கூடவே வாழ்ந்தவளைப் போய்ச் சந்தேகப்படறீங்களா?" என்று கத்தினாள் சிஐடி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பார்த்த பார்வையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் அவரைக் காட்டிக் கொடுக்க மாட்டாள். அதில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. அன்று முதல் மத்தியானச் சாப்பாட்டை அவளே பட்டறைக்குக் கொண்டுபோனாள். தெருவில் நின்று, "அந்த இடது வலது கதையெல்லாம் சுத்தப் பேத்தல், நான் சும்மா அடிச்சு விட்டேன்" என்று பிரசாரம் செய்து பார்த்தாள். யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கு ஆட்டம் பிடித்துப்போய்விட்டது. "புது மாப்பிள்ளையை இப்பல்லாம் ரோட்டுல பார்க்கவே முடியலையே" என்று பேட்டரி கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னதற்கு, அவன் ஏன் அப்படிச் சொன்னான், எதை வைத்துச் சொன்னான் என்று என்னை ஒரு வாரம் குடைந்து எடுத்தாள்.

மாமாதான் அவளை நம்பவில்லை. அவள் போனைக் கையில் எடுத்தால் அவர் மெல்லுவதை நிறுத்திவிடுவார். அவள் வாசலில் நின்று யாரோடாவது பேசினால் உள்ளேயிருந்து காது கொடுப்பார். ஒருநாள் அக்கா நூல்கண்டு கடைக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா எழுந்துபோய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நூலுக்குத்தாங்க பேசினேன்" என்றாள் அவள்.

"தெரியும்" என்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"நீயாவது சொல்லேன்டா அவர்கிட்ட" என்று என்னிடம் கெஞ்சினாள். நான் சொன்னேன். "உன் அக்கா நல்லவதான்பா. ஆனா அந்தக் காஜாப் பெண்ணும் அவளை நல்லவன்னுதான் நினைச்சுது" என்றார் மாமா.

அடுத்த மாதம் ஒரு காலை நேரம், ஜீப் மறுபடி வந்து அக்கா கடை முன்னால் நின்றது. நான் உள்ளே இருந்தேன். எதிரே பட்டறை வாசலில் மாமா கையில் கம்பிச் சுருளோடு நின்றிருந்தார். அக்கா போட்டதைப் போட்டபடி வெளியே ஓடினாள்.

போன தடவை வந்த அதே ஆபீசர். இறங்கி அவளுக்குக் கும்பிடு போட்டார். "போன் பண்ணின அக்கா நீங்கதானே? உங்க தகவல் கரெக்டா இருந்துச்சு. வேற யாராவது உண்டா?"

"எனக்கென்னங்க தெரியும்? எனக்குத் தையல் தலைக்கு மேல கிடக்கு" என்று அக்கா பல்லைக் காட்டினாள். சிரித்துப் பேசி அனுப்பிவிட்டால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

"சரி சரி. இங்க ஒரு சாக்கு குடோன் இருக்காமே, அது எங்க?"

குடோன் இருந்தது பட்டறையை ஒட்டிய சந்தில். அக்கா கையை நீட்டிக் காட்டினாள். ஆபீசர் அவள் கை போன திசையில் திரும்பிப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு காவலர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

ரோட்டின் அந்தப்புறத்திலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று எனக்கு அந்த நொடியில் உறைத்தது. "அக்கா, கையை இறக்கு" என்றேன். அதற்குள் ஜீப் திரும்பியது. அது நகர்ந்து வழிவிட்டபோது பட்டறை வாசலில் யாரும் இல்லை.

நாங்கள் ஓடினோம். கம்பிச் சுருள் தரையில் உருண்டு கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது. ஜீப் எங்களைத் தாண்டிப் போய்ச் சாக்கு குடோன் முன்னால் நின்றது. மாமாவின் போன் அணைந்திருந்தது. பின்பக்கச் சந்துகள் எல்லாம் தேடினோம். "போலீஸ்ல சொல்லலாமாடா? அவங்க சட்டுன்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டு ரோட்டிலேயே அழுதாள். பேட்டரி கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்ன விஷயம் என்று கேட்டார். தலைசுற்றல் என்று சொல்லி அக்காவை வேன் பக்கம் இழுத்துப் போனேன்.

"ஊருக்குத்தான் போயிருப்பாரு. வேற எங்க போவாரு?" என்றாள். வேனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தேன். எல்லை தாண்டிப் போகிற பஸ்களுக்குக் கோடியில் தனிக் கவுண்டர். அக்கா வரிசையில் இடித்துக்கொண்டு முன்னால் போனாள்.

"எந்த ஊருக்கும்மா?" என்றார் கவுண்டர்காரர்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா ஊர் பேர் என்னடா?"

"எனக்கு எப்படிக்கா தெரியும்? நீ அவர்கிட்ட கேக்கலையா?"

"கேக்கலையேடா" என்றாள்.

கண்ணாடிக்கு மேல் பலகையில் அந்தப் பக்கத்து ஊர்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. அக்கா கழுத்தை நிமிர்த்தி அவற்றை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். "சீக்கிரம் சொல்லுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க" என்றார் கவுண்டர்காரர்.