கார்த்திகையில் காயாத துணி

திருவண்ணாமலையில் பாஸ்டர் வீட்டுப் பிள்ளையாகப் பிறப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஊரே அண்ணாந்து பார்க்கும் நாளில் நாம் மட்டும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

கார்த்திகை தீபத்தன்று எங்கள் சபையில் உபவாச ஜெபம். அன்று ஊருக்கே விடுமுறை என்பதால் விசுவாசிகள் எல்லாரும் வர வசதி என்று அப்பா காரணம் சொல்வார். சபை என்றதும் கோபுரமும் மணியும் இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் முன்கூடம்தான் சபை. பாய் விரித்தால் சபை, சுருட்டினால் வீடு. காலையில் தொடங்கும் ஜெபம் பொழுது சாயும்போது முடியும். அதன் பிறகு அம்மா காய்ச்சிய கஞ்சியும் தேங்காய்த் துவையலும் கிடைக்கும். அந்தக் கஞ்சியின் வாசனை மத்தியானத்திலிருந்தே விசுவாசிகளைச் சோதித்துக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டுக்கு ஒரு மொட்டை மாடி இருந்தது. ஏறி நின்றால் மலை அடி முதல் உச்சி வரை தெரியும், மறைப்பதற்கு ஒரு தென்னை மரம்கூடக் கிடையாது. தீபத்தன்று மட்டும் பிள்ளைகள் யாரும் அங்கே போகக் கூடாது. ஞாயிறு பள்ளியில் ஏதேன் தோட்டத்து மரத்தைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் மாடிதான் ஞாபகம் வரும்.

ஐந்தாம் வகுப்பு வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. தீபம் அதற்குப் பிறகும் பல நாள் எரியும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் வகுப்பில் அதற்கு மதிப்பில்லை. ஏற்றுகிற நேரத்தில் பார்த்தாயா என்பதுதான் கேள்வி. மசூதித் தெருப் பிள்ளைகள்கூடப் பார்த்துவிட்டு வந்து கைகளை ஆட்டி ஆட்டிக் கதை சொல்வார்கள். நான் மட்டும் புத்தகப் பையில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். மற்ற நாட்களில் அப்பாவின் முடிவு ஜெபம் சட்டென்று முடிந்துவிடும். தீபத்தன்று மட்டும் அது கூட்ஸ் வண்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். எல்லாரும் கண்ணை மூடியிருக்கும் அந்த நேரம்தான் எனக்குச் சரியான நேரம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அன்று சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, "கஞ்சியப் பாத்துட்டு வரேன்" என்று சொல்லி எழுந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அப்பா, "கண்களை மூடி, தலைகளைத் தாழ்த்துவோம்" என்றார். தலைகள் தாழ்ந்தன. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். பிறகு பாயிலிருந்து நழுவிக் கொல்லைப் பக்கம் ஓடினேன்.

மாடிக்குப் போவது ஓர் இரும்புப் படி. பூனை ஏறினாலும் 'டங் டங்' என்று தெருவுக்கே சொல்லிவிடும். நான் முதல் படியில் கால் வைத்ததும் உள்ளே அப்பாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. என் கால் சத்தம் அதில் அமுங்கிப்போனது. கர்த்தர் என் பக்கம்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு மளமளவென்று ஏறினேன்.

மேலே துணிக் கொடியருகில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

இரண்டு பேருமே திடுக்கிட்டோம். "துணி எடுக்க வந்தேன்" என்றாள் அம்மா, நான் எதுவும் கேட்காமலேயே.

"நானும்தான்" என்றேன்.

அம்மா என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து சொதசொதவென்று இருந்த ஒரு துண்டை உருவி என் தோளில் போட்டாள். "அப்ப இதப் புடி."

பக்கத்து வீட்டு மாடியில் நிற்க இடமில்லாமல் கூட்டம். அந்த வீட்டு ஆட்டோக்காரரின் மனைவி கைப்பிடிச் சுவர் ஓரமாக வந்தார். "இன்னா பாஸ்டரம்மா, இந்த வருசமும் துணி காயலயா?" என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். சபையில் ஒருநாளும் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த அத்தை எனக்கு ஒரு பொரி உருண்டையை நீட்டினார். "படைக்கிறதுக்கு முன்னாடியே உங்களுக்குனு தனியா எடுத்து வெச்சிட்டேன். பயப்படாம துன்னு கண்ணு."

கோயில் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்டது. தீபம் ஏற்றியாகிவிட்டது. ஆனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாழாய்ப்போன மேகம் ஒன்று மலையுச்சியின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. எந்த மாடியிலும் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்த அமைதியில் கீழே அப்பாவின் ஜெபம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பிரதமருக்காகவும் முதலமைச்சருக்காகவும் ஜெபித்து முடித்து, கலெக்டரிடம் வந்திருந்தார். வழக்கமாக அதோடு சரி. மேகம் விலகவில்லை. அப்பா பந்தோபஸ்து போலீஸ்காரர்களுக்காக ஜெபித்தார், ஸ்பெஷல் பஸ் டிரைவர்களுக்காக ஜெபித்தார். காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத பெரியவர் ஒருவர், முடித்து வைக்கும் நோக்கத்தோடு, "ஆமென்!" என்று பலமாகச் சொன்னார். அப்பா அதைக் கண்டுகொள்ளாமல் கடலில் பிரயாணம் பண்ணுகிறவர்களுக்காக ஜெபிக்க ஆரம்பித்தார். எங்கள் ஜில்லாவில் கடலே கிடையாது. அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

சட்டென்று மேகம் நகர்ந்தது. உச்சியில் தீபம்!

"அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று அத்தனை மாடிகளும் ஒரே குரலில் கத்தின. நான் கத்தவில்லை. பக்தி விசுவாசத்தினால் அல்ல, வாய் நிறையப் பொரி உருண்டை. நான் நினைத்ததைவிடத் தீபம் சின்னதாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கும்பிடவில்லை, கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். "மலைக்கு அந்தாண்ட உங்க தாத்தாவும் இப்ப மாடில நின்னு இதையேதான் பாத்துனு இருப்பாரு" என்றாள்.

அம்மாவின் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. அம்மா ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவர் அவளோடு பேசுவதில்லை. அவர் தீபம் பார்த்தால் நமக்கென்ன என்று நினைத்தபடி உருண்டையின் மிச்சத்தைக் கடித்தேன்.

"வா, வா" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படியின் 'டங்' அடங்கியதும் உள்ளே அப்பா, "ஆமென்" என்றார். இப்படி ஒரு பொருத்தம் அற்புதமாக அல்லாமல் வேறு எப்படி நடக்கும் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூடத்திலிருந்து வந்த பதில் ஆமெனில் மாடியே பெயர்ந்துவிடும் போலிருந்தது. அதில் பாதி கஞ்சிக்காக வந்தது.

அப்பா சமையலறை வாசலுக்கு வந்தார். "துணி காஞ்சிடுச்சா?"

"இல்லீங்க, ஈரமாத்தான் இருக்குது."

"கார்த்திகை மாசம் இல்ல? நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். போகும்போது என் பக்கம் திரும்பி, "வாயத் தொடச்சிக்கோ" என்றார். நான் அதுவரை கஞ்சியே குடித்திருக்கவில்லை.

அப்பாவை எவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட்டோம் என்று அன்று முழுக்க எனக்குச் சிரிப்பாக வந்தது. மறுநாள் வகுப்பில் நானும் கைகளை ஆட்டி ஆட்டிக் கதை சொன்னேன். மேகம் என் கதையில் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

இப்போது ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் குடியிருக்கிறேன். தீபம் போனிலேயே நேரலையாக வந்துவிடுகிறது. அரோகரா சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் ஜெபம்தான் காதில் விழுகிறது. தூறல் போடும் கார்த்திகையில் வருடா வருடம் அதே நாளில் அம்மா ஏன் துணி துவைத்தாள் என்று அந்த வயதில் நான் யோசிக்கவில்லை. அந்த ஜெபம் யாருக்காக அவ்வளவு நீண்டது என்பதும் எனக்கு அப்போது புரியவில்லை. பிரதமர் முதல் கடலில் போகிறவர்கள் வரை எல்லாரும் அதில் இருந்தார்கள். அம்மாவின் பெயரைத்தான் அவர் சொல்லவேயில்லை.