கருடனுக்கு அந்த ஒன்று போதும்

எங்கள் வீட்டில் முதல் கோழிக்குஞ்சு பறிபோன நேரத்தில் நானும் மனைவியும் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். கும்பிட்டது, தூக்கிக்கொண்டு போனவனைத்தான்.

சுங்கை பினாங் ஆற்றை ஒட்டி, அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் எங்கள் பலகை வீடு. கொல்லையில் ஒரு காரைத் திருப்பி நிறுத்தும் அளவுக்கு மண்தரை, ஒரு மாமரம். அங்கேதான் என் கம்போங் கோழி, நம் ஊர் நாட்டுக்கோழிதான், ஒன்பது குஞ்சுகளோடு மேய்ந்துகொண்டிருந்தது. கையில் கம்போடு நான் காவல்.

வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக ஒரு பறவை மேலே வட்டமிட்டது. "என்னங்க, கருடன்!" என்றாள் மனைவி. கும்பாபிஷேகத்தில் கருடன் வந்தால் கூட்டமே அண்ணாந்து கன்னத்தில் போட்டுக்கொள்ளும். சின்ன வயதிலிருந்து ஊறிய பழக்கம். என் கை தானாக மேலே போனது; கம்பு தானாகக் கீழே விழுந்தது. கண்ணைத் திறந்தபோது மண்ணில் ஒரு நிழல் ஓடியது, தாய்க்கோழி அலறியது, வானத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது எட்டாயிற்று.

அதன் பிறகு நான் செய்ததை வீரம் என்று எழுத ஆசைதான். ஒரு கையில் கைலியைப் பிடித்துக்கொண்டு கொல்லையை மூன்று சுற்று ஓடினேன். உள்ளே போய்க் கறுப்புக் குடையை எடுத்துவந்து மீதிக் குஞ்சுகளுக்கு மேல் விரித்தேன். குடையைப் பெரிய பருந்து என்று நினைத்த தாய்க்கோழி பாய்ந்து வந்து என் முழங்காலைக் கொத்தியது. மூன்றாவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, மழையே இல்ல. கொடை யாருக்கு?"

"கோழிக்குத்தாம்மா!"

"கோழி வேணாங்குது போல!"

மறுநாள் சிம்பாங் அம்பாட்டிலிருந்து மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், வந்து இறங்கினார். கோழி வளர்ப்பில் தனக்குத் தெரியாதது இல்லை என்ற நடை.

"கூட்டாளிகிட்ட காத்துத் துப்பாக்கி இருக்கு மாப்ள. ஒரே ஒரு வெடி. முடிஞ்சிச்சிலா."

"கருடனச் சுட்டுட்டு வந்தீங்கன்னா இந்த வீட்ல ஒங்களுக்குப் பச்சத் தண்ணி கெடயாதுண்ணே," என்றாள் என் மனைவி.

"அப்பக் கூண்டுல போட்டுப் பூட்டு. அதுவும் பொழைக்கும், இதுவும் பொழைக்கும்."

நியாயமான பேச்சு. ஆனால் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, கண் மட்டும் வெளியே, ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்பதை அடுத்த ஷிப்ட்டுக்கு வருகிறவர்களின் ஈரத் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒரு குடும்பத்தில் ஒருவன் அடைபட்டுக் கிடப்பது போதாதா?

"துப்பாக்கியும் கெடயாது, பூட்டும் கெடயாது. கோழி வெளியதான் மேயும்," என்றேன்.

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம எட்டும் காலி. நான் வந்து எண்ணிப் பாக்குறேன்."

கருடனுக்கு அந்த ஒன்று போதும் என்று நான் முடிவெடுத்துவிட்டேன். கருடனிடம் யாரும் சொல்லவில்லை.

முதலில் பழைய சிடிகளை மாமரத்தில் தொங்கவிட்டேன். மின்னும், பறவை மிரளும் என்று கேள்வி. எங்கள் கல்யாண வீடியோவும் அதில் இருந்தது. இரண்டாவது நாளே கருடன் பக்கத்துக் கம்பத்தில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் சாய்த்து அதைப் பார்த்தது. எங்கள் கல்யாண வீடியோவை அவ்வளவு நேரம் பொறுமையாகப் பார்த்த முதல் ஜீவன் அதுதான்.

அடுத்த நாள் கொல்லைக் குழாயடியில் கெம்போங் என்ற கானாங்கெளுத்தி மீனைக் கழுவி, குடலை வழக்கம்போல ஆற்றோரம் வீசினேன். கை காய்வதற்குள் கருடன் அதில் இறங்கியது. மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாரா வாரம் நீங்களே விருந்து வெச்சிட்டு, விருந்தாளி வந்தா குய்யோ முறையோன்னு கத்துறீங்க."

அன்றிலிருந்து மீன் கழிவு பையில் முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டிக்குப் போனது.

பிறகு ராஃபியா என்னும் சிவப்பு பிளாஸ்டிக் கயிறு வாங்கினேன். மாமரத்திலிருந்து வேலிக்கும், வேலியிலிருந்து வீட்டுத் தூணுக்கும், தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக, ஒரு முழ இடைவெளியில் கட்டினேன். இறக்கை விரித்த பறவை அதற்குள் இறங்க முடியாது. தூண்டில் நரம்பு கட்டினால் வேலை சுலபம்; ஆனால் அது பறவையின் கண்ணுக்குத் தெரியாது, இறக்கையை அறுத்துவிடும். எனக்குச் சண்டை அதன் பசியோடுதான். இறக்கையோடு இல்லை. அதனால் கயிறு நன்றாகத் தெரிய, இடையிடையே பிளாஸ்டிக் துண்டுகளையும் கட்டிவிட்டேன். வீடு திறப்புவிழாக் கடை மாதிரி ஆயிற்று.

புதன்கிழமை மச்சான் கூண்டு ஒன்றைச் செய்து ஒரு லாரிக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். கம்பி வலை, கனமான பலகைக் கதவு. நன்றி சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுத்துக் கதவைக் கழற்றினேன். கதவில்லாத கூண்டை மாமரத்தடியில் வைத்து உள்ளே நொய் அரிசி தூவினேன். இரண்டு நாளில் குஞ்சுகள் வீட்டுக்காரர்கள் மாதிரி போவதும் வருவதுமாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் எண்ண வந்தார். மோட்டாரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் மூன்றாவது மாடியிலிருந்து குரல்.

"அண்ணே, வருது! வருது!"

தாய்க்கோழி தொண்டைக்குள் ஒரே ஒரு சத்தம் கொடுத்தது. எட்டும் கூண்டுக்குள் பாய்ந்தன. கருடன் சரிந்து இறங்கி, கயிற்றுக்கு மேலே திகைத்து, படபடவென்று அடித்து எழும்பியது. அந்தக் காற்று என் முதுகில் பட்டது. முதுகில்தான். ஏனென்றால் என் தலையும் தோளும் அப்போது கூண்டுக்குள் இருந்தன.

மச்சான் குனிந்து எண்ணினார். "குஞ்சு எட்டு, மாப்ள ஒண்ணு. ஒம்பதும் சரியா இருக்குலா!"

நொய் ஒட்டிய மூக்கோடு வெளியே வந்தேன். அடுக்குமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் கருடன் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

"போயி ஆத்துல மீன் புடி!" என்று கத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் தாய்க்கோழி தலையை நீட்டி, வானத்தை ஒரு கண்ணால் பார்த்து, வெளியே வந்தது. பின்னாலேயே எட்டும்.

"சரி, ஜெயிச்சிட்ட. இப்பவாச்சும் கதவ மாட்டுவோம். அதச் செய்ய எனக்கு அரைநாள் ஆச்சு. எங்க அந்தக் கதவு?" என்றார் மச்சான்.

கையைக் காட்டினேன். கொல்லைக்கும் அந்தப் பக்கத்துப் புல்தரைக்கும் நடுவில் ஓடும் சின்னக் கால்வாயின் மேல் பாலமாகக் கிடந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாய்க்கோழி அதில் ஏறி, எட்டையும் இழுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய்ப் புல்லைக் கிளற ஆரம்பித்தது.

"மாப்ள, அந்தப் பக்கம் கயிறே இல்லையே!"

"கட்டிட்டாப் போச்சு," என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, ராஃபியா உருளையைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடினேன்.