ஏறாத பூனைமேல் ஒரு புகார்

அந்த முடிதிருத்தும் கடைக்குள் முதல்முறை நுழைகிறவர்கள் செடி என்ன விலை என்றுதான் கேட்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. கண்ணாடிக்கு மேலே மணிபிளாண்ட், ஜன்னலோரம் கற்றாழை, சீப்பு வைக்கிற தட்டில்கூடத் தம்மாத்துண்டு சதைச்செடிகள். கடைக்காரருக்குச் சின்ன வயதில் தோட்டக்கலை படிக்க ஆசை. அப்பா கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து நாற்காலிக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். அந்த ஆசையை இவர் தொட்டி தொட்டியாகத் தீர்த்துக்கொண்டார். முடி வெட்ட வந்த யாரும் எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்து போனதாகச் சரித்திரம் இல்லை.

மனைவி பேருந்து ஓட்டுநர். ஒருநாள் என்ஜின் மூடியைத் திறந்தால் உள்ளே கரியும் எண்ணெயுமாக ஒரு பூனைக்குட்டி. சாப்பாட்டுப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்ததால் பூனை கடைக்கு வந்து, காலியான நாற்காலியில் சாய்ந்துகொண்டு, வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்தது. அதற்கு ‘முதலாளி’ என்று பெயர் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

வம்பு தடுப்பூசியோடு வந்தது. வீட்டில் செடி உண்டா என்று கால்நடை மருத்துவர் கேட்டிருக்கிறார். மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அந்த அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. லில்லியின் மகரந்தம் ரோமத்தில் பட்டு, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் போய்விடுமாம். மணிபிளாண்டும் அகல இலை டிஃபன்பேக்கியாவும் வாயைப் புண்ணாக்குமாம். கற்றாழையும் ஜேட் செடியும் குடலைப் புரட்டுமாம். மனைவி திரும்பி வந்ததும் யாரையும் கேட்காமல் லில்லியைத் தூக்கிக்கொண்டுபோய், பூனை இல்லாத தோழி வீட்டில் விட்டுவிட்டு வந்தார். மற்றதும் கிளம்பட்டும் என்றார்.

கடைக்காரர் ஆடிப்போனார். கெஞ்சினார், கோபித்தார், ஒருவேளை சாப்பாட்டை ஒதுக்கிப் பார்த்தார். கடைசியில் கூரையை ஒட்டிப் பலகை அடித்து எல்லாவற்றையும் மேலே ஏற்றிவிடுவதாகச் சத்தியம் செய்தார். மனைவி இறங்கிவந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

“செடியால அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அன்னிக்கே எல்லாம் வெளிய போயிடும். அப்புறம் மூஞ்சிய தூக்கி வச்சுக்கக் கூடாது.”

ஆகட்டும் என்றார் கடைக்காரர். பலகைகள் வந்தன. பூனைக்கு எட்டாத உயரம், கால் வைக்கப் பிடிமானமில்லாத சுவர். கடை எழும்பி நின்று தவம் செய்வதுபோல் இருந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் இவர் ஏணிமேல்தான். அங்கிருந்தபடியே முதலாளியைப் பார்த்து, முடிந்தால் ஏறிப்பார் என்று சவால்வேறு விட்டார்.

மழை பிசுபிசுத்த ஒரு மத்தியானம் முதலாளி நாற்காலிக்கடியில் பதுங்கிக்கொண்டு முன்காலால் வாயைப் பிராண்டியது. எச்சில் நூலாக ஒழுகியது. கடைக்காரருக்கு பயம் பிடித்துக்கொண்டது. பயம் பூனைக்காகவும்தான், செடிக்காகவும்தான். எது முந்தியது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அந்நேரம் பார்த்து மனைவி வேலை முடிந்து வந்து நின்றார். கடைக்காரரின் வாய் முந்திக்கொண்டது.

“பலகைமேல ஏறிடுச்சு. நான் என் கண்ணால பார்த்தேன்.”

எதையும் அவர் பார்க்கவில்லை. குற்றம் செடியுடையது இல்லை, எட்டாத இடத்தில் ஏறிய திருட்டுப் பூனையுடையது என்று தீர்ப்பாகிவிட்டால் செடிகள் பிழைத்துக்கொள்ளுமே என்ற கணக்குத்தான். முடி வெட்டும்போது குழந்தைகளுக்குப் போர்த்துகிற துணியில் பூனையைச் சுற்றிக் கழுத்தில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். வழியெல்லாம் இவர் அதன் அடாவடியை விவரித்துக்கொண்டே வந்தார். துணிக்கு வெளியே தலை மட்டும் நீட்டிக்கொண்டு அது கேட்டுக்கொண்டே வந்தது.

மருத்துவர் வாயைக் கழுவிவிட்டு, நாக்கு கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மூச்சுக்குப் பங்கமில்லை, குளிர்ந்த தயிர் துளி கொடுங்கள், இரண்டொரு நாளில் சரியாகிவிடும் என்றார். பல்லிடுக்கிலிருந்து இடுக்கியால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். டிஃபன்பேக்கியா இலைத்துண்டு, அதோடு மனுஷ முடி ஒரு கொத்து. இலையின் ஒரு ஓரம் குதறியிருந்தது. மறு ஓரம் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

“இந்தப் பக்கம் பல்லு படவே இல்லையே சார். உங்க பூனை கத்தரிக்கோல் வச்சிருக்கா?”

கடைக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏணிமேல் நின்று, பழுத்த இலையின் ஓரங்களை வாகாக நறுக்கி ஒழுங்குசெய்வார். நறுக்கியதைக் கையில் பிடிக்கும் வழக்கம் அவர் தொழிலில் இல்லை. வெட்டியது தரையில் விழும், கடை சாத்தும்போது மொத்தமாகக் கூட்டிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். மேலே ஏற்றிவைத்த விஷத்தை நறுக்கி நறுக்கி அவரேதான் பூனைக்குக் கீழே பரிமாறியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து பூனையைக் கட்டிலில் விட்ட பிறகுதான் மனைவி பேசினார்.

“தரையில போட்டது தெரியாம பண்ணினது. அதுக்கு எனக்குக் கோவம் இல்ல. கண்ணால பார்த்தேன்னு சொன்னீங்க பாருங்க. பூனையால திருப்பிப் பேச முடியாதுன்னுதானே?”

கடைக்காரருக்கு ரொம்பக் கேவலமாக இருந்தது. ஏணியை எடுத்துப்போய் ஒவ்வொரு தொட்டியாக இறக்கினார். மறுநாள் பேருந்துப் பணிமனையின் ஓய்வறைக்கு அத்தனையும் போய்ச் சேர்ந்தன. பூனைக்குக் கெடுதலில்லை என்று மருத்துவர் சொன்ன இரண்டே செடி மிஞ்சின: வெள்ளை வரி போட்ட குட்டி ஹவொர்த்தியா, நீள நீள இலையாகத் தொங்கும் ஸ்பைடர் பிளாண்ட். இரண்டையும் கீழேயே வைத்தார்.

வாய்ப்புண் ஆறிய முதலாளிக்கு அசுரப் பசி. ஒரு காலையில் ஸ்பைடர் பிளாண்டின்மேல் பாய்ந்து, கடைக்காரரின் கண்ணைப் பார்த்தபடியே இலை இலையாகக் கடித்துத் துப்பியது. அவர் ஒருவருக்குக் காதோரம் வழித்துக்கொண்டிருந்தார். விரட்டவில்லை. சாயங்காலம் மனைவி வந்தபோது தொட்டியில் மொட்டைக் குச்சிகள்தான் இருந்தன.

“யாரு பண்ணின வேலை இது?”

“நான்தான். முடி வெட்டற ஞாபகத்துல ஒட்ட வெட்டிட்டேன்.”

மனைவி குனிந்து தரையில் கிடந்த ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தார். ஓரமெல்லாம் பல் பல்லாகக் குதறியிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த பூனையை ஒருமுறை பார்த்தார்.

“அடுத்த தடவை கொஞ்சம் அழகா வெட்டுங்க” என்று சொல்லிவிட்டுக் கைகழுவ உள்ளே போனார்.