தறி நின்ற நிமிஷம்

எங்கள் வீட்டில் டம்ளரில் ஊற்றி வைத்த தண்ணீர் ஒருநாளும் சும்மா நின்றதில்லை; சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் எட்டு விசைத்தறிகள் "தடக்குப் புடக்கு" என்று ஓட, இந்தப் பக்கம் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் நடுங்க, அந்த இரைச்சலுக்குள்ளேயே நாங்கள் தின்றோம், படித்தோம், சண்டை போட்டோம். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க இதே கதைதான். உப்பு வேண்டுமென்றாலும் கத்தித்தான் கேட்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் எங்களைச் சண்டைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு போனதில் தப்பே இல்லை.

எனக்கோ அந்தச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு வீடெங்கும் அலைவதுதான் விளையாட்டு. தகரக் கூரை போட்ட "தறி செட்டு"க்குள் அது மண்டையில் அடிக்கும். நூல் மூட்டைகள் அடுக்கிய அறையில் பாதியாக அடங்கிவிடும். மாடிப்படிக்கு அடியில் சுவரோடு காதை ஒட்டினால் எலும்புக்குள் ஓடும். எந்த மூலையில் பேசினால் எதுவரைக்கும் கேட்கும் என்பது பத்து வயதில் எனக்கு மனப்பாடம். வாய்ப்பாடு மட்டும்தான் வரவில்லை.

அக்காவைப் பெண் பார்க்கக் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஆட்கள் வந்த அன்றைக்கு, தறியை நிறுத்தச் சொல்லி அம்மா கெஞ்சியும் அப்பா மசியவில்லை. "தறி ஓடுத சத்தம் வந்தவங்க காதுல விழணும்லா? அதான் நமக்கு மரியாதை" என்றார். அக்காவின் கவலை வேறு. அவள் அப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். கல்யாணத்தோடு படிப்பு நின்றுவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளையிடம் நேராகக் கேட்டுவிட நினைத்தாள். ஆனால் பெரியவர்கள் காதில் விழுந்தால், "இப்பவே நிபந்தனை போடுதா" என்று சம்பந்தமே முறிந்துவிடும். ஐந்து நிமிஷம் தனியாகப் பேசிக்கொள்ள அனுமதி கிடைத்ததும் என் காதைக் கடித்தாள்: "யாருக்கும் கேக்காத எடமாப் பாருட்டி."

எனக்கா தெரியாது! தறி செட்டை ஒட்டிய அறைக்குள் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தினேன். அந்த இரைச்சலில் என்ன பேசினாலும் வெளியே போகாது. காவலுக்கு வாசலில் நின்ற எனக்கே வாயசைவுதான் தெரிந்தது. மாப்பிள்ளை பாவம், அமைதியான வீட்டுப் பிள்ளை, "என்ன? என்ன?" என்று காதைக் காட்டிக்கொண்டே நின்றார். அக்கா பொறுமையிழந்து மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

கரண்ட் போனால் எங்கள் தறி மட்டுமா நிற்கும்? தெருவே ஒரே நொடியில் ஊமையாகிவிடும். அந்த அமைதிக்கு நடுவில் அக்காவின் குரல் கூடத்தைத் தாண்டி வாசல்வரை போனது:

"கல்யாணத்துக்குப் பொறவும் நான் காலேஜுக்குப் போவேன். சம்மதமா?"

கூடத்தில் காபி டம்ளர்கள் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றன. எல்லாம் என்னால் கெட்டது என்று எனக்கு அழுகை முட்டியது. மாப்பிள்ளையோ, எங்கள் வீட்டு வழக்கம் ஒருவழியாகப் பிடிபட்ட உற்சாகத்தில், தறி நின்றதையே கவனிக்காமல் அக்காவைவிடப் பலமாகக் கத்தினார்: "சம்மதம்! முழுசாப் படிங்க!"

முதலில் சிரித்தது எதிர்வீடு. அப்புறம் மாப்பிள்ளையின் பெரியப்பா தொடையைத் தட்டிக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: "தெருவே கேட்டுட்டுல்லா, இனிமே இவன் பேச்ச மாத்த முடியுமா வே?"

மாற்றவில்லை. அக்கா படித்து முடித்து இன்றைக்குப் பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா தறிகளை விற்றுவிட்டார். செட்டு இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. இப்போது கரண்ட் போனால் மின்விசிறி நிற்பதைத் தவிர வேறு வித்தியாசம் தெரிவதில்லை. ஆளுக்கொரு மூலையில் மெல்லப் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அது இன்னும் பழகவில்லை, பிடிக்கவும் இல்லை.

போன பொங்கலுக்கு எல்லாரும் அப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது அக்காவின் மகள் என்னிடம் ஒண்டிக்கொண்டு, பள்ளிக் கபடி டீமில் சேர ஆசை, அப்பாவிடம் நீ சொல்லேன் சித்தி என்று முணுமுணுத்தாள். அந்தப் பக்கம் போன அக்காவுக்கு எப்படியோ கேட்டுவிட்டது. மகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். அத்தான், அப்பா, அம்மா எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"சத்தமாச் சொல்லுட்டி" என்றாள் அக்கா. "தெருவுக்கே கேக்கட்டும்."