சுருட்டி மாட்டிய வயர்

அந்தக் கேபிள் வயரை அப்பா பிடுங்காமல் இருந்திருந்தால், என் தம்பி இன்று தடங்கலில்லாமல் பேசிக்கொண்டிருப்பானா? எனக்கே ஒரு மகள் பிறந்து அவளுக்கு நான்கு வயதாகியும் விடை தெரியவில்லை. பொன்னமராவதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஜன்னல் வழியாக உள்ளே வந்த கறுப்பு வயர் அது. அப்பா அதைச் சுருட்டி வெளிச்சுவர் ஆணியில் மாட்டினார். வீட்டைக் காலி செய்யும்வரை அங்கேயே தொங்கியது.

தம்பிக்குப் பேச ஆரம்பித்ததிலிருந்தே திக்கும். அவன் தண்ணீர் கேட்டு முடிப்பதற்குள் நான் சொம்பை நீட்டிவிடுவேன். ஆனால் அப்போது எங்கள் டிவியில் வந்த கார்ட்டூன் சேனலில் இந்திதான் பேசினார்கள். அதையே பார்த்துக்கொண்டிருந்தவன், கரடியும் முயலும் பேசுகிற அதே குரலில், திக்காமல் இந்தி பேசத் தொடங்கினான். ஒரு நாள், தெருவில் கம்பளி விற்க வந்த வடநாட்டுக்காரரிடம் போய்ப் பேசினான். அவர் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். எதிர்வீட்டு அக்கா அப்பாவிடம், "ஏங்க, இவன வடக்க இருந்தா வாங்கியாந்தீங்க?" என்று கேட்டார். அப்பா சிரிக்கவில்லை. "சொந்தப் பாசை திக்குது, ஊரான் பாசை மட்டும் வழுக்கிக்கிட்டு வருதோ?" என்றார். திக்குவதற்கே அந்த கார்ட்டூன்தான் காரணம் என்று முடிவு செய்து, அன்று சாயங்காலமே வயரைப் பிடுங்கினார். அவரும் பயந்துதான் செய்திருப்பார். கொஞ்ச நாளில் இந்தி போயிற்று, திக்கல் போகவில்லை. தம்பி பேச்சையே குறைத்துக்கொண்டான்.

இப்போது கீரமங்கலத்தில் என் மகள் போனில் ஆங்கில கார்ட்டூன் பார்க்கிறாள். அதில் வருகிற வாக்கியங்களை அதே இழுப்போடு சொல்கிறாள். தமிழில் "பால்", "வேணாம்", "வா" என்று ஒற்றைச் சொற்கள்தான். பள்ளிக்கூட மிஸ் அவளது உச்சரிப்பைப் பாராட்டுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோ, "இவ பேசுறது புரியல அத்தை" என்று என்னிடம் சொல்லிவிட்டு வேறு பக்கம் விளையாடப் போய்விடுகிறார்கள். போனைக் குறையுங்கள், நீங்கள் அதிகம் பேசுங்கள் என்கிறார் டாக்டர். குறைத்துப் பார்த்தேன், அவள் ஒற்றைச் சொற்களையும் விட்டுவிட்டு மௌனமானாள். பயந்து திரும்பவும் கொடுத்தேன்.

சென்ற வாரம் தம்பிக்கு போன் செய்து, அப்பா வயரைப் பிடுங்கியது சரியா தப்பா என்று கேட்டேன். நெடுநேரம் முயன்று, "தெ… தெரியலக்கா. ஆனா டிவி போனப்புறம் எங்கிட்ட யாரும் பே… பேசல" என்றான். பிறகு மருமகளிடம் கொடுக்கச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டேன். அவள் பெயரின் முதல் எழுத்திலேயே அவனுக்குச் சொல் சிக்கிக்கொண்டது. பழைய வழக்கப்படி நானே அதைச் சொல்லி முடிக்கப் போனேன். மகள் என் வாயைப் பொத்தினாள்.

"இரும்மா. மாமா லோடு ஆகுறாங்க."

நான் அறிந்து அவள் சேர்த்துச் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அதுதான். சொல்லிவிட்டு, படம் நின்றுபோன போனைப் பார்த்துக் காத்திருப்பதுபோலப் பொறுமையாகக் காத்திருந்தாள். தம்பி சிரித்தான். அப்புறம் அவள் பெயரை முழுசாகச் சொன்னான். அவனுக்காக எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

அந்தச் சொல்லையும் பொறுமையையும் அவளுக்குக் கொடுத்தது நான் பிடுங்க நினைக்கிற அதே போன்தான். இந்த வீட்டில் சுருட்டி மாட்டுவதற்கு வயர்கூட இல்லை. எல்லாம் என் விரலில் இருக்கிறது. இப்படிப் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சொல்லுங்கள்: நிறுத்தினீர்களா, விட்டுவிட்டீர்களா? நிறுத்தியிருந்தால், அந்த இடத்தில் என்ன பேசினீர்கள்?